வியாழன் பின்னேரத்துக் கேள்வி

கன்வென்ஷன் என்கிற கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்களின் கடைசி இரவில் சில இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. விட்டுவிட நினைக்கும் பாவத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, முன்னால் எரிகிற நெருப்பில் போட வேண்டும். பாட்டு மெல்லப் போய்க்கொண்டிருக்கும். பாதிப் பேர் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். அந்த அழுகையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் அதே மாமியார், அதே சம்பளம், அதே பக்கத்து வீட்டுக்காரி. கடதாசி எரிந்துவிட்டது, நாக்கு வாய்க்குள்தான் இருக்கிறது.

வேதாகமத்தில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் முதலில் சொல்வது நம் முயற்சியைப் பற்றி அல்ல. கிறிஸ்துவோடு மரித்தீர்கள், அவரோடு பிழைத்திருக்கிறீர்கள், கிருபைக்குக் கீழே இருப்பதால் பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்கிறார். இதைப் பிரசங்கங்களில் நன்றாகவே கேட்கிறோம். அதே இடத்தில், உங்கள் அவயவங்களை நீதிக்குரிய ஆயுதங்களாகத் தேவனுக்கு ஒப்புக்கொடுங்கள் என்றும் சொல்கிறார். அவயவம் என்றால் கை, கால், கண், நாக்கு. இந்த இடத்துக்கு வரும்போது பிரசங்கிக்கு நேரம் முடிந்துவிடும்.

எபேசியர் 4:28 எனக்கு மிகவும் பிடிக்கும். திருடினவன் இனித் திருடாமல் இருந்தால் போதும் என்று அங்கே முடியவில்லை. கையால் வேலை செய்து, இல்லாதவனுக்குக் கொடுக்கும் அளவுக்கு உழைக்கவேண்டும். எடுத்த கை கொடுக்கிற கையாக மாறும்வரை பவுல் விடுவதில்லை. நான் தையல்காரி, எனக்கு இது உடனே விளங்கும்: பிழையான தையலைப் பிரித்துப்போட்டால் சட்டை ஆகாது, திரும்பத் தைக்க வேண்டும்.

எங்கள் மெதடிஸ்த சபைக்காரருக்கு இதில் ஒரு பழைய வழி இருக்கிறது. அது ஒரு கடனில் இருந்து வந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி என்று முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய்க் காசு சேர்ப்பார். போன இடத்தில் ஒருவர் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி காதுக்கு இது வந்ததும், நாம் இவ்வளவு நாளாகத் தேடியது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு எழுதிய விதிகளில், அந்தப் பன்னிரண்டு பேருக்கான தலைவர் ஒவ்வொருவரையும் கிழமைக்கு ஒருமுறையாவது கண்டு, அவர் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று வைத்தார். இலங்கைக்கு மிஷனரிமார் 1814இல் வந்தபோது இந்த வழக்கமும் அவர்களுடன் வந்தது. இன்றைக்கு அது பல இடங்களில் பெயரளவில்தான் இருக்கிறது.

திருகோணமலையில் எங்கள் சிறு கூட்டம் வியாழன் பின்னேரம் ஒரு அன்ரி வீட்டு விறாந்தையில் கூடும். பெண்கள் மட்டும். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, அப்புறம் அன்ரி ஒவ்வொருவராகக் கேட்பார்: "பிள்ளை, போன கிழமை சொன்னது என்ன மாதிரிப் போகுது?" அவ்வளவுதான். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். முதலே கொடுத்தால் ஊர்க்கதையில் போய் நிற்கும் என்பது அன்ரியின் அனுபவம்.

எங்களோடு இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு வேலிச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரி வருசா வருசம் கதியாலைக் கொஞ்சம் தள்ளி நடுகிறாள் என்பது வழக்கு. ஏச ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். (ஊரெல்லாம் திரிகிற மான்கள் மட்டும் அந்த வேலியை மதிப்பதேயில்லை. இரண்டு வளவுச் செவ்வரத்தையையும் பாரபட்சமில்லாமல் தின்றுவிட்டுப் போகும்.)

இனி ஏசமாட்டேன் என்று அக்கா பலமுறை ஜெபித்துச் சொல்லியிருந்தார். அன்ரி ஒருநாள், "ஏசாட்டி அந்த வாயால அவவுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?" என்று கேட்டார். அக்காவிடம் பதிலில்லை. அடுத்த வியாழன் வந்து, மழை இருட்டியபோது வேலிக்கு மேலால் "உடுப்புக் காயுது" என்று கூப்பிட்டுச் சொன்னதாகச் சொன்னார். அவ்வளவுதான், இரண்டு சொல். "சொல்லேக்க தொண்டைக்குள்ள முள்ளு மாதிரி இருந்தது" என்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். எனக்கு அது நெருப்பில் போட்ட கடதாசிகளை விடப் பெரிய விஷயமாகப் பட்டது.

இந்த முறையில் ஆபத்தும் இருக்கிறது. விறாந்தையில் சொன்னது சந்தைக்குப் போனால் கூட்டம் அன்றோடு சரி. யாராவது விபரம் கிண்டிக் கேட்டால் அன்ரி உடனே பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார். இன்னொன்று, புருசன் அடிப்பதைச் சொல்லும் ஒரு பெண்ணிடம் "நீ எப்படிப் பொறுமையில் வளர்கிறாய்" என்று யாரும் கேட்கக் கூடாது. அது அவளுடைய பாவம் அல்ல. அவளுக்குத் தேவை பாதுகாப்பு, தேவைப்பட்டால் பொலிஸ். இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். சகித்துப்போ என்று போதித்துப் பல பெண்களை நாம் கெடுத்திருக்கிறோம்.

இடியப்ப அக்காவின் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இடையில் ஒருநாள் ஏசியும் இருக்கிறார், வந்து சொன்னார். அன்ரி ஒன்றாம் யோவான் ஒன்றாம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தை, பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்பதை, வாசித்துவிட்டு, "சரி, இந்தக் கிழமைக்கு என்ன?" என்று அடுத்ததற்குப் போனார். ஏசியதற்காகத் தனியாக ஒரு பிரசங்கம் வைக்கவில்லை.

வருகிற கிழமை காணி அளக்க சர்வேயர் வருகிறாராம். கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் தன் வாய் அடங்கியிருக்க ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார் அக்கா. கோடு தன் பக்கம் விழவும் கொஞ்சம் ஜெபிக்கலாம் என்று போகும்போது வாசலில் நின்று சொன்னார்.