ஒடாகோ முயல்களும் ஒரு மடக்குக்கத்தியும்

நியூசிலாந்து என்றதும் பச்சைப் புல்வெளிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தெற்குத் தீவின் ஒடாகோ பகுதியில், டனீடன் நகரத்திலிருந்து உள்ளே இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் அந்தப் பச்சை தீர்ந்துபோகிறது. அலெக்ஸாண்ட்ரா ஊரைச் சுற்றி ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. காய்ந்த குன்றுகள், அடுக்குப் பாறைகள், நடுநடுவே காடாக மண்டிய தைம் என்ற மூலிகைச் செடி. வளை தோண்டவும் குட்டி போடவும் முயலுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இங்கே முயல், ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட பிராணி. கர்ப்பம் ஒரே மாதம்தான், ஈன்றதும் மறுபடி சினையாகிவிடும். பத்து முயல் ஓர் ஆடு மேய்கிற புல்லைத் தின்றுவிடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1880களில் முயலை ஒழிக்க ஸ்டோட், ஃபெரட் என்று கீரி மாதிரியான சிறு வேட்டைப் பிராணிகளை இறக்கினார்கள். அவை முயலோடு நிற்காமல் பறக்கத் தெரியாத உள்ளூர்ப் பறவைகளையும் தின்றன. 1997இல் விவசாயிகள் சிலர் பொறுமையிழந்து, அரசு மறுத்திருந்த முயல் வைரஸைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். கொஞ்ச காலம் வேலை செய்தது. அப்புறம் முயல்களுக்கு எதிர்ப்புசக்தி வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 1950களின் கதை. முயல் தோலும் இறைச்சியும் நல்ல விலைக்குப் போன காலத்தில் வேட்டைக்காரர்கள் முயலைப் பிடித்தார்களே தவிர ஒழிக்கவில்லை. முழுசாக ஒழித்துவிட்டால் அடுத்த வருஷம் பிழைப்பு? அதனால் அரசாங்கம் முயல் வியாபாரத்தையே முடக்கிப் பார்த்தது. விலை இல்லாத பொருளை யாரும் மிச்சம் வைக்க மாட்டார்கள் என்ற கணக்கு.

நான் போனது நண்பனுக்குத் தெரிந்த பண்ணைக்கு. சுட்டது அவன், உரிமம் அவனிடம்தான் இருந்தது. ஊரில் காட்டுமுயலைத் தொட்டாலே 1972 வனவிலங்குச் சட்டம் பாயும்; இங்கே பண்ணைக்காரரே கேட்டைத் திறந்துவிட்டு, நிறையச் சுடுங்கள் என்கிறார். வண்டியின் பின்னால் நின்று ஸ்பாட்லைட்டைச் சுழற்றுவது என் வேலை. வெளிச்சத்தில் கண் சிவப்பாக மின்னும், முயல் அப்படியே உட்கார்ந்துவிடும். சைலன்சர் போட்ட, சின்னக் குண்டு போடும் பாயின்ட் டூ டூ (.22) ரைபிள் என்பதால் பக்கத்தில் மேய்கிற முயல்கூட ஓடுவதில்லை. தலையில் படும் என்று உறுதியானால்தான் சுட வேண்டும், தூரம் அதிகமானால் விட்டுவிட வேண்டும் என்பதில் நண்பன் கறார்.

சமையலுக்கென்று எடுப்பதற்கு முன் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விஷம் வைத்திருக்கிறீர்களா? கேரட்டில் விஷம் கலந்து தூவுவது இங்கே சாதாரணம். அப்படித் தூவிய நிலத்து முயலைத் தொடக்கூடாது. அன்று வைத்திருக்கவில்லை.

கத்தி வேலைக்கு வருவோம். மூன்று அங்குல மடக்குக்கத்தி போதும். சுட்ட உடனே அடிவயிற்றை வால் பக்கமாக அழுத்தித் தடவி மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறி நாறும். முதுகின் நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கிச் சின்னதாக ஒரு கீறல். இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டு எதிரெதிராக இழுத்தால், நனைந்த சட்டையைக் கழற்றுவது மாதிரி தோல் வந்துவிடுகிறது. உடல் சூடாக இருக்கும்போதே செய்வது நல்லது, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். தலையையும் பாதங்களையும் மூட்டில் வெட்டிவிட்டு, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி வயிற்றை லேசாகக் கீற வேண்டும். ஆழமாகப் போனால் குடல் கிழியும். ஈரலை வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் நோய் என்று அர்த்தம், நாங்கள் அப்படிப்பட்டதைத் தூக்கிப் போட்டோம். பித்தப்பையை உடையாமல் எடுப்பதுதான் கொஞ்சம் நிதானம் கேட்கும் வேலை.

கொழுப்பே இல்லாத கறி. இளசு என்றால் வறுக்கலாம், கிழட்டு முயலின் பின்னங்காலுக்கு இரண்டு மணி நேரம் சின்னத் தீ வேண்டும். சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை. பெரிய வெங்காயம், பூண்டு, நிறைய மிளகு போட்டுக் குழம்பாக வைத்தேன். எங்களுக்குத் தேவையானது போக மீதி முயல்கள் எல்லாம் குழிக்குப் போயின. தின்பதற்காக மட்டும் சுட்டால் இந்த நிலத்தில் புல் மிஞ்சாது என்பது அவர்கள் நியாயம், நிலத்தைப் பார்த்த பிறகு எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

பண்ணைக்காரர் தட்டு வேண்டாம் என்றார், சின்ன வயதில் தின்றதே போதுமாம். குழம்பை மட்டும் ரொட்டியில் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டார், கறியோடு.