கார் வரியில் ஜெயித்த கவர்னர்

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிற தம்பி ஒருவர், பட்ஜெட் பேச்சு வந்தால் கேட்பது இதைத்தான்: "வரியைக் குறைச்சா அந்தப் பணத்தை யாருண்ணா தருவாங்க?" நான் 2003 கலிபோர்னியாவை இழுப்பேன். அங்கே கவர்னரை யாரும் நியமித்து அனுப்புவதில்லை. மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். பட்ஜெட்டும் அவர் தலையில்தான்.

அந்த வருடம் பட்ஜெட்டில் விழுந்த துண்டு ஏறக்குறைய 3,800 கோடி டாலர். கவர்னர் கிரே டேவிஸ், கார் மதிப்பில் 0.65 சதவீதமாகக் குறைந்திருந்த வரியைப் பழைய 2 சதவீதத்துக்கே ஏறவிட்டார். நம் ஊரில் காருக்கு ஆயுள் வரி, வாங்கும்போதே அழுதுவிட்டு மறந்துவிடலாம். அங்கே வருடா வருடம் கட்ட வேண்டும். சும்மா இருப்பார்களா?

டேவிஸைப் பாதியிலேயே இறக்கிவிட்டு வேறு கவர்னரைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு வந்தது. அதில் போட்டியிட்ட குரூஸ் பஸ்டமான்டே, பணக்காரர்களுக்கும் புகையிலைக்கும் வரி போடலாம் என்றார். கணக்கு ஓரளவு உதைக்காத யோசனை, ஆனால் கைதட்டல் வராது. அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகரோ பிரசாரத்தில் கிரேனில் தொங்கிய இரும்புக் குண்டைப் பழைய கார் ஒன்றின் மேல் போட்டு நசுக்கினார். கார் வரிக்கு அதே கதி என்று அர்த்தம். ஜெயித்து, நவம்பர் 17 அன்று பதவியேற்ற கையோடு உயர்வை ரத்தும் செய்தார்.

அந்த வரி நகராட்சிகளுக்கும் கவுன்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) போய்க்கொண்டிருந்த பணம். வருடத்துக்குச் சுமார் 400 கோடி டாலர் புதுப் பள்ளம். 2004 மார்ச்சில் பழைய பற்றாக்குறைக்காக 1,500 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட மக்களே ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள்.

"அப்போ கட்டினது அவங்கதான், பெயர்தான் வேற" என்றார் தம்பி. அப்புறம், நசுங்கின காருக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று கேட்டார்.