கொல்கத்தாவில் குடியேறுகிறீர்களா? வங்காளத்தைத் தமிழ் வழியாகவே படியுங்கள்

கொல்கத்தாவுக்கு மாற்றல் ஆர்டர் வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி: "இந்தி கொஞ்சம் தெரியும், அது போதாதா?" டாக்ஸிக்கும் ஆபீசுக்கும் போதும். ஆனால் தென் கொல்கத்தா வீடுகளில் வேலைக்கு வரும் பெண்களில் பலர் காலையில் கானிங் லோக்கல் ரயிலில் வந்து இறங்குபவர்கள். அவர்களுக்கு வங்காளம்தான் வாயில் வரும். பக்கத்து வீட்டுப் பெரியவரும் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாக்களும் உங்களிடம் இந்தியில் பேசிவிட்டு, தங்களுக்குள் வங்காளத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு ஒன்றும் புரியாமல் ஓர் ஊரில் வருஷக்கணக்காகக் குடியிருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் படித்தேன், பிறகு அலுவலகம் வைத்த மொழித் தேர்வும் எழுதித் தேறினேன். என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: வங்காளத்துக்கு இந்தி வழியாகப் போகாதீர்கள், ஆங்கில எழுத்து வழியாகவும் போகாதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள், அதுதான் குறுக்குவழி.

காரணம் வாக்கிய அமைப்பு. நாம் வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றைப் போட்டு முடிப்போம். வங்காளமும் அப்படியே. "கேயே தேக்கோ" என்றால் சாப்பிட்டுப் பார். "போலே ரேக்கேச்சி" என்றால் சொல்லி வைத்திருக்கிறேன். "நியே எஷோ" என்றால் கொண்டு வா. "கொரே பேலோ" என்றால் செய்துவிடு. கோயம்புத்தூர்ப் பக்கம் "செஞ்சு போடு" என்பார்களே, அதே கட்டுமானம், ஏனென்றால் "பேலா" என்பதற்கே கீழே போடுவது என்றுதான் பொருள். பார்ப்பது, வைப்பது, போடுவது, கொடுப்பது போன்ற வினைகளைத் துணைவினையாக நாம் எப்படிப் பயன்படுத்துகிறோமோ, ஏறக்குறைய அப்படியே அவர்களும் பயன்படுத்துகிறார்கள். "இது என் வீடு" என்பதில் நமக்கு இறுதியில் வினை தேவையில்லை, அவர்களுக்கும் தேவையில்லை. "இல்லை" வேறு, "அல்ல" வேறு என்று நமக்கு இருப்பதுபோல, பொருளே இல்லாவிட்டால் "நேய்", அது வேறு பொருளாக இருந்தால் "நொய்". இந்தியில் யோசித்து வங்காளம் பேசுகிறவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தேடுவார். கூடவே இந்தியின் ஆண்பால் பெண்பால் விகுதிகளையும் இழுத்துவருவார். வங்காளத்தில் பால் வேறுபாடே கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் "ஷே" ஒன்றுதான். வினையும் பாலுக்கோ எண்ணிக்கைக்கோ மாறாது.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாம் "எனக்கு" என்று தொடங்குகிற இடங்களில் அவர்கள் "என்னுடைய" என்று தொடங்குவார்கள். எனக்குப் பசிக்கிறது என்பதற்கு "ஆமார் கிதே பேயேச்சே", எனக்குக் காய்ச்சல் என்பதற்கு "ஆமார் ஜொர் ஹொயேச்சே". டாக்டரிடம் போவதற்கு முன் இந்த அமைப்பு வாயில் ஏறியிருந்தால் பாதிக் கவலை தீரும்.

நம்மவர் உழைக்க வேண்டிய இடம் ஒலி. இலக்கணத்துக்கு ஒதுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கை இதற்குக் கொடுங்கள். எழுத்தோடு சேர்ந்து வரும் "அ" என்ற உயிரை அவர்கள் "ஒ" என்று உச்சரிப்பார்கள், சொல்லின் இறுதியில் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். ஊர்ப் பெயரையே பாருங்கள்: எழுத்தில் க, ல, கா, தா என்று நான்கு, வாயில் "கொல்காத்தா". முதல் எழுத்து "கொ" ஆகிறது, இரண்டாவது வெறும் "ல்" ஆகிறது. இதோடு இன்னும் நான்கு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டால், தமிழிலேயே நமக்குப் பழகிய நூற்றுக்கணக்கான வடசொற்கள் வங்காளச் சொற்களாக மாறிவிடும். "வ" எல்லாம் "ப" (பழம் என்பதிலல்ல, கம்பம் என்பதில் வரும் அதிரும் ஒலி). சொல் முதலில் வரும் "ய" எல்லாம் "ஜ". மூன்று ஸகரங்களும் (ஶ, ஷ, ஸ) பெரும்பாலும் "ஷ", த, ந, ர போன்றவற்றோடு சேரும்போது மட்டும் "ஸ்". "க்ஷ" சொல் நடுவில் அழுத்திச் சொல்லும் "க்க", சொல் முதலில் ஒற்றைக் "க". ஆக விவேகானந்தர் "பிபேகானொந்தோ", யாத்திரை "ஜாத்ரா", பரீட்சை "பொரிக்கா". பொருள் மட்டும் அங்கங்கே தடம் மாறும். "உபொன்னாஷ்" என்றால் நாவல், "ராக்" என்றால் கோபம், "ஷொங்ஷார்" என்றால் குடும்பம்.

அடுத்தது மூச்சொலி. "பாத்" என்பதை அதிரும் ஒலியோடு மூச்சும் விட்டுச் சொன்னால் சோறு, மூச்சில்லாமல் சொன்னால் மூட்டுவாதம். "கா" என்பதை அதிர்த்துச் சொன்னால் உடம்பு, அதிலேயே மூச்சைச் சேர்த்தால் புண். தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது, நான் இங்கே எழுதும் உதாரணங்களிலும் அது தெரியாது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, காற்று படுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொல்லுங்கள். இதற்காகவே முதல் வாரத்திலேயே வங்காள எழுத்தைத் தொடங்கச் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் க-வில் நான்கும் ஒன்றாகி, காதும் அப்படியே பழகிவிடும்.

ஆங்கில எழுத்தில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வீடு என்பதற்கான சொல்லை ஆங்கிலத்தில் ரகரம் போட்டு எழுதுவார்கள், நாமும் "பாரி" என்போம். அது ரகரமே இல்லை. "வீடு" என்று சொல்லும்போது நம் நாக்கு மடங்கி ஒரு தட்டுத் தட்டுகிறதே, கிட்டத்தட்ட அந்த ஒலி. "பாடி" என்று தமிழ் வாயால் சொன்னாலே சரியாக வந்துவிடும், முதல் எழுத்தை அதிரவைத்தால் போதும். சேலை "ஷாடி", இருபது "குடி". தமிழருக்கு இந்த ஒலி தானாக அமைகிறது.

உயிர் 11, மெய் 39 என்பது பள்ளிக் கணக்கு. எழுத்தைக் கற்பது கடினமில்லை, கூட்டெழுத்துதான் நாள் பிடிக்கும், "ஜுக்தாக்கொர்" என்பார்கள். நமக்குப் புள்ளி வைத்தே பழக்கம் என்பதால் இரண்டு மெய்கள் ஒன்றாகி உருவமே மாறிப்போவது கண்ணுக்குப் பிடிபடாது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிடக் கடைப் பலகை, பஸ் பலகை, மெட்ரோ நிலையப் பெயர் என்று தெரிந்த பெயர்களில் கண்டுபிடித்து எழுதிப் பாருங்கள். வித்யாசாகர் 1855-இல் எழுதிய அரிச்சுவடி "பொர்னொபொரிச்சொய்" காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. அதற்கடுத்து, நந்தலால் போஸ் படங்களோடு 1930-இல் வந்த தாகூரின் "ஷொஹொஜ் பாட்". குழந்தைகளுக்கான பாடநூல்கள்தான், ஆனால் சந்தம் உள்ள சின்னச் சின்ன வாக்கியங்கள். சத்தம் போட்டுப் படித்தால் ஒலி நாக்கில் உட்காரும்.

பேச்சுக்கு என் பள்ளிக்கூடம் காலை நேரக் காய்கறிச் சந்தை. வேறெங்கும் தமிழருக்கு இவ்வளவு உரிமையாகப் பேச இடம் கிடைக்காது, ஏனென்றால் நாம் சமைப்பதெல்லாம் அங்கே குவிந்திருக்கிறது. வாழைப்பூ "மோச்சா", வாழைத்தண்டு "தோட்", வாழைக்காய் "காச்கொலா", முருங்கைக்காய் "ஷொஜ்னே டாட்டா". தரையில் சாக்கை விரித்துக் கீரை விற்கும் அம்மாவிடம் உட்கார்ந்து, "மாஷி, டாட்டா கொத்தோ கொரே?" என்று கேட்டேன். "போவா குடி டாக்கா" என்றார். கால் கிலோ இருபது ரூபாய். கூடவே, எப்படிச் சமைப்பாய் என்று கேட்டார். சாம்பாரில் போடுவோம் என்றதும், கடுகு அரைத்துவிட்டுப் பார் என்று முழுச் செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார். அரைப்பது, தாளிப்பது, மூடி வைப்பது, இறக்குவது என்று அத்தனை வினைகளும், அத்தனை எச்சங்களும் ஒரே மூச்சில். எந்த வகுப்பிலும் எனக்கு அப்படி ஒரு பாடம் கிடைத்ததில்லை.

சந்தையில் முட்டிக்கொள்வது எண்கள்தான். ஒன்று முதல் நூறு வரை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போகும் முறை அங்கே இல்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக வேண்டும். "உனோ" என்று தொடங்கினால் ஒன்று குறைவு என்பது உதவும்: "சொல்லிஷ்" நாற்பது, "உனோசொல்லிஷ்" முப்பத்தொன்பது. இதைவிட முக்கியம் அரைக் கணக்கு. ஒன்றரை "தேட்", இரண்டரை "ஆடாய்", அதற்கு மேல் எல்லா அரைக்கும் "ஷாடே". விலைக்கும் இதுதான், மணிக்கும் இதுதான். "தேட்ஷோ" நூற்றைம்பது, "ஆடாய்ஷோ" இருநூற்றைம்பது, "ஷாடே தின்ட்டே" மூன்றரை மணி. ஷேர் ஆட்டோவில் ஏறுமுன் "குச்ரோ" என்ற சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். சில்லறை இல்லாமல் ஏறவே கூடாது.

மரியாதை நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு படி. அவர்களுக்கு துய், துமி, ஆப்னி என்று மூன்று, வினையும் சேர்ந்து மாறும்: துய் கொரிஷ், துமி கொரோ, ஆப்னி கொரென். தொடக்கத்தில் எல்லாரிடமும் ஆப்னியே சொல்லுங்கள். உறவு முறை வைத்துக் கூப்பிடுவது நம் ஊர் போலத்தான்: நடத்துநர் "தாதா", எதிர்வீட்டு அக்கா "தீதி", நண்பரின் அப்பா "காக்கு". பழகியபின் அவர்களே "துமி போலோ" என்பார்கள், அன்றைக்கு மாறிக்கொள்ளலாம். நீங்கள் தடுமாறுவதைக் கண்டால் உடனே இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவுவார்கள், அன்பினால்தான். அப்போது "பாங்க்லாய் போலுன், ஆமி ஷிக்ச்சி" என்று சொல்லிவிடுங்கள்: வங்காளத்தில் பேசுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன். லேக் மார்க்கெட் பக்கம் பூவும் காபித்தூளும் தமிழ் பேசியே வாங்கலாம், மனசுக்கு இதம்தான், ஆனால் முதல் வருஷம் காய்கறிக்கு வேறு சந்தைக்குப் போங்கள்.

வாசிப்பில் தமிழருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. நம்மிடம் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இருக்கும் தூரம் அங்கே மிகக் குறைவு. பழைய இலக்கிய நடையான சாது பாஷைக்கு மாற்றாக, 1914-இல் பிரமத சௌதுரி தொடங்கிய "ஷொபுஜ் பொத்ரோ" இதழ் பேச்சை ஒட்டிய "சொலிதோ" நடையை முன்னிறுத்தியது. இன்று செய்தித்தாள், பாடநூல், நாவல் எல்லாம் அந்த நடைதான். ஆகவே காலையில் படித்த வாக்கியத்தை மாலையில் அப்படியே பேசலாம். சத்யஜித் ராய் சிறுவர்களுக்கு எழுதிய துப்பறியும் கதைகள் தொடங்க நல்லவை. தாகூர், சரத்சந்திரர் நாவல்களைத் த.நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வங்காளத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த ஒரு மரபு நமக்கு உண்டு. அப்படி ஒரு மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனால் அகராதி அதிகம் தேவைப்படாது. முறையான வகுப்பு வேண்டுவோருக்கு கோல்பார்க்கில் ராமகிருஷ்ணா மிஷன் கலாசார நிறுவனத்தின் மொழிப் பள்ளி இருக்கிறது.

தேர்வு பற்றி. பாரத ஸ்டேட் வங்கி கிளார்க், ரிசர்வ் வங்கி உதவியாளர் பணிகளுக்கு மேற்கு வங்கத்துக்கான இடங்களுக்கு விண்ணப்பித்தால் உள்ளூர் மொழித் தேர்வு உண்டு, அதில் தேறாவிட்டால் வேலை கிடையாது. ஸ்டேட் வங்கியில் பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அந்த மொழி இருந்தால் தேர்வு எழுத வேண்டியதில்லை. நான் எழுதிய அலுவலகத் தேர்வில் ஒரு செய்திப் பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னார்கள், விடுப்பு விண்ணப்பம் ஒன்று எழுதச் சொன்னார்கள், பிறகு குடியிருக்கும் பகுதி பற்றிக் கேள்விகள். கைகொடுத்தது தினமும் பத்து வரி சொல்லச் சொல்லி எழுதிய பழக்கம். வீட்டில் சொல்ல ஆள் இல்லையென்றால், வானொலிக் கதைகளின் ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்தி எழுதலாம். "சண்டே சஸ்பென்ஸ்" கதைகள் இதற்கு அருமையானவை, உச்சரிப்பு தெளிவு. மூன்று ஸகரங்களும் காதுக்கு ஒன்றே என்பதால் எழுத்துப்பிழை அங்கேதான் வரும். தமிழில் கிரந்த எழுத்துப் போட்டு எழுதும் வடசொற்களை நினைவுக்குக் கொண்டுவந்தால் பாதி சரியாகிவிடும்.

அடுத்து புவனேஸ்வரத்துக்கோ குவாஹாட்டிக்கோ மாற்றல் வந்தாலும் கற்றது வீணாகாது. ஒடியாவில் நம் ளகரம் இருக்கிறது, சொல்லின் இறுதி உயிரையும் விழுங்காமல் முழுசாகச் சொல்வார்கள்: வங்காளத்தின் "ஜொல்" அங்கே "ஜொளொ". எழுத்துதான் புதிது, உருண்டையான வடிவம். மைசூரில் 1969-இல் அமைந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்குப் புவனேஸ்வரத்தில் வட்டார மையம் உண்டு. பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் முழுநேரமாக ஒடியா, வங்காளம் படிக்கலாம். அசாமியில் எழுத்து ஏறக்குறைய வங்காளமே, இரண்டு எழுத்துகள்தான் வேறு. ஒலி மாறும்: "ச" அங்கே "ஸ" ஆகிவிடும், ஸகரமோ "அகம்" என்பதில் வரும் ககரத்தைச் சற்றுத் தொண்டைக்குள் தள்ளியதுபோல் வரும். டார்ஜிலிங் மலையில் நேபாளிதான் ஊர்மொழி, 1961 முதல் அங்கே ஆட்சிமொழியும் கூட. அங்கே போகிறவர்கள் தேவநாகரி எழுத்தை மட்டும் முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால் போதும்.