பாட்டி முடிச்சு

பெங்களூரு லால்பாக் பாறை மேல் இன்று காலை என் ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனியப் போனேன்.

"இருப்பா, நான் கட்டறேன்" என்று மகன் உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் அல்சூர் அப்பா-மகன் குழு ஆரம்பித்து ஒரு வருஷம். மாதம் ஒரு ஞாயிறு. அம்மாக்களுக்கு அனுமதி கிடையாது. (கேட்கவும் இல்லை. அவர்களுக்கு அன்றுதான் நிம்மதி.)

1926-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒய்எம்சிஏ-காரர் ஒருவர், ஓஜிப்வே பழங்குடி வழிகாட்டி ஒருவரோடு சேர்ந்து இப்படியொரு மன்றம் தொடங்கினார். பழங்குடி அப்பாக்கள் மகன்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் வித்தை சொல்லித்தருவதில் பிறந்த யோசனை.

எங்களுக்குக் காடு இல்லை, கப்பன் பார்க் உண்டு. வித்தையும் இல்லை. ராத்திரி யூடியூப் பார்த்துவிட்டுக் காலையில் பரம்பரையாகத் தெரிந்த மாதிரி சொல்லித்தருவோம்.

முதல் மாதப் பாடம் ரீஃப் முடிச்சு, கயிற்றின் இரண்டு முனைகளைச் சேர்த்துக் கட்டுவது. முதலில் இடதின் மேல் வலது, அடுத்து வலதின் மேல் இடது. இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் அது பாட்டி முடிச்சு. சமயத்தில் வழுக்கும், சமயத்தில் இறுகித் தொலைக்கும்.

நான் சொல்லித்தந்தது பாட்டியை.

முந்நூறு கோடி வருஷப் பாறையில் உட்கார்ந்து இன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்பா. ஸ்கூல்ல சார் அப்பவே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன்டா மாத்தல?"

"நீதானே சொல்லிக்கொடுத்த."

மணி நாலு. ஷூ இன்னும் காலில்தான் இருக்கிறது.