லேசர்ஜெட் 1020 வீடு முழுக்க ஓடுது: முடிச்சு ஃபர்ம்வேரில்

வீட்டில் எந்தக் கணினியில் அழுத்தினாலும் இப்போது தாள் வருகிறது. ஹெச்பி லேசர்ஜெட் 1020, பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்க லினக்ஸ் கணினி, நடுவில் அச்சு வேலைகளை வாங்கி அனுப்பும் கப்ஸ் மென்பொருள். பிரிண்டரை வீட்டு நெட்வொர்க்கில் இணைக்க என்று முதலில் வாங்கிய பிரிண்ட் சர்வர் பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது. கடைக்காரர், “யூஎஸ்பி பிரிண்டர் எதுன்னாலும் ஓடும் அண்ணே” என்றுதான் கொடுத்தார்.

இந்தப் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள். 1020 தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் யூஎஸ்பி வழியாக ஏற்றிவிட வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. நடுவில் வெறும் பெட்டி இருந்தால் ஏற்றிவிட ஆளில்லை. பெட்டியில் விளக்கு எரியும், வேலை வரிசையில் நிற்கும், தாள் நகராது. 1018-உம் இதே ரகம். 1022-க்கு இந்தத் தொல்லை கிடையாது.

அதிலும் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் இடி இடித்தால் வீட்டு மெயின் டிரிப் ஆகிவிடும். கரண்டு திரும்பும்போது பிரிண்டர் ஃபர்ம்வேர் இல்லாத வெறும் ஆளாக எழுந்திருக்கும். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பயிற்சித் தாள் அடிப்பது பெரும்பாலும் இரவில்தான். ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கட்டளை தட்டிக்கொண்டிருக்க முடியாது.

ராஸ்பெர்ரி பையில் இந்த வகை பிரிண்டர்களுக்கான ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவர் போட்டு, 1020-க்கான ஃபர்ம்வேர் இருக்கும் .டிஎல் கோப்பை வைத்து, பிரிண்டர் தென்பட்டதும் அந்தக் கோப்பைத் தள்ளிவிட ஒரு யூடெவ் விதி (சாதனம் தென்பட்டால் என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்வது) எழுதினேன். யூஎஸ்பி பிரிண்டரை லினக்ஸுக்குக் காட்டும் யூஎஸ்பிஎல்பி மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் எல்பி0 என்ற சாதனமே வராது, ஃபர்ம்வேரைத் தள்ள வாசலும் இல்லை. யூஎஸ்பி_பிரிண்டர்ஐடி கட்டளையை ஓட்டினால் பிரிண்டரின் அடையாள வரி வரும். அதன் கடைசியில் ‘எஃப்டபிள்யூவெர்’ என்று ஒரு எண்ணோடு இருந்தால் ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. வெறும் பெயரோடு நின்றால் ஏறவில்லை. சுவிட்சைப் போட்டதும் உள்ளே மோட்டார் சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வரியில் எண்ணும் வந்தபோது அப்படியொரு சந்தோஷம்!

விண்டோஸ் பக்கம், கப்ஸ் வேலை வாங்கும் 631 போர்ட்டு முகவரியைக் கொடுத்தால் போதும்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் 12ஏ டோனர். சுமார் 2,000 பக்கம் வரும், 1010, 1018, 1022-க்கும் அதேதான், கம்பேட்டிபிள் வகை ஈப்போவில் கேட்ட கடையிலெல்லாம் இருக்கிறது. நல்ல மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

மகளின் போனிலிருந்து அடிக்க, பிரிண்டரை நெட்வொர்க்கில் தானாகத் தெரியவைக்கும் அவாஹி இன்னும் பாக்கி. அதற்குள் கை, கரண்டு போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் யூபிஎஸ் பக்கம் போய்விட்டது. ராஸ்பெர்ரி பையை மட்டும்தான் அதில் மாட்டுவேன், திடீரென்று கரண்டு போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும். லேசர் பிரிண்டர் வேண்டாம். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது இழுக்கிற கரண்டை வீட்டு யூபிஎஸ் தாங்காது.