பேரேட்டு சாரும் ஒரு தண்டல் அட்டையும்

எங்கள் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்திய பேரேட்டு சாரின் மறைவையொட்டி வரும் மலர் என்பதால் நாலு நல்ல வார்த்தை எழுதினால் போதும் என்றார் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர். சாரின் சைக்கிள், சட்டைப்பையின் சிவப்பு மை, தேர்வுக் காலத்தில் தம் வீட்டு மொட்டை மாடியில் அவர் நடத்திய இலவச வகுப்பு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நம்பி, அவருடைய ஒரே ஒரு வகுப்பைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் என்னோடு இருந்தவர்களுக்கு அது எந்த வகுப்பு என்று இந்நேரம் புரிந்திருக்கும்.

அது ஒரு சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைக் காரணம் காட்டி வழக்கம்போல் பாதிப் பேர் தாமதமாக வந்து, வழக்கம்போல் சுவரோரம் நின்றோம். பாடப்புத்தகத்து இராமனும் சோமுவும் ஒருவருக்கொருவர் சரக்கு விற்றுக்கொண்டே இருந்ததில் சாருக்கே சலிப்புத் தட்டியிருக்க வேண்டும். வீட்டில் உண்மையாகப் புழங்கும் கணக்கு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று முந்தைய வாரமே சொல்லியிருந்தார். மளிகைக்கடை நோட்டு, சீட்டுக் கணக்கு, பால் அட்டை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்ற என் அம்மாவின் வீட்டில் எழுத்தில் இருந்த கணக்கு ஒன்றுதான். காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த தண்டல் அட்டை, அதாவது தினமும் தவணை கட்டும் கடனுக்கான வரவு அட்டை. அதை எடுத்துச் சென்றேன்.

சார் அதை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அட்டையின் மேலிருந்த அம்மாவின் பெயரை உரக்க வாசித்துவிட்டு, கரும்பலகையில் கணக்கைப் போட ஆரம்பித்தார். கடன் 1000 ரூபாய் என்று பெயர். 150 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கையில் தருவது 850. நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டபோது, நூற்றுக்குப் பதினைந்து என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அந்தம்மா கையில் வந்ததே 850 தானே, அதுவும் மறுநாளிலிருந்தே கரைகிறதே, அப்படியானால் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் எவ்வளவு என்று சார் திருப்பிக் கேட்டார். 850-இல் பாதி, ஏறக்குறைய 425. அதற்கு 100 நாளில் 150 ரூபாய் என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 129. அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டும் இந்தம்மா குடும்பம் நடத்துறாங்கன்னா, இந்த வகுப்புல யாரையும்விட அவங்களுக்குத்தான் கணக்கு தெரியும்" என்றார். அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பின்பெஞ்சின் காதில் விழுந்தது எண் மட்டுந்தான். ஆண்டு முடியும்வரை என் பெயர் நூத்தியிருபத்தொன்பது. உங்களில் சிலருக்கு இன்றும் அப்படிச் சொன்னால்தான் என்னை அடையாளம் தெரியும்.

அன்றிரவு அம்மாவிடம் அந்த வட்டியைச் சொன்னேன். "அது எனுக்குத் தெரியாதா? நாலு மணிக்கு ஏலத்துக்குக் காசு எந்த பேங்க்குடா குடுக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கூடையைக் கழுவப் போய்விட்டார். 2003-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. அதற்குள் அம்மாவுக்குத் தண்டல் தேவைப்படவில்லை, நான் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தேன்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் தேய்ந்தபின், மொரீஷியஸில் முதலீட்டு நிதியங்களுக்குக் கணக்கு எழுதும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் அக ஈட்டு விகிதத்தை, அதாவது போட்ட பணமும் திரும்பி வரும் பணமும் எந்த நாளில் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் வருவாய் வீதத்தை, விளக்கச் சொன்னார்கள். பாடமாக மனனம் செய்திருந்த விளக்கம் தொண்டையில் நின்றுகொள்ள, என் தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு மீன்காரம்மாவின் தினக்கடனைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். எதிரில் இருந்தவர் காகிதத்தைத் தம் பக்கம் திருப்பி, எண்களைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார். வேலை கிடைத்தது. யாருடைய கடன் அது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் தீவின் தொழிலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982-இல் இந்தியாவும் மொரீஷியஸும் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கையின்படி, மொரீஷியஸ் நிறுவனமொன்று இந்தியப் பங்குகளை விற்று அடையும் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை மொரீஷியஸிடமே இருந்தது, மொரீஷியஸோ அதற்கு வரி விதிப்பதில்லை. ஆகவே உலகின் பணம் இந்தியாவுக்குள் நுழையுமுன் எபேன் என்ற நகர்ப்பகுதியில் இருந்த எங்கள் அலுவலகக் கட்டடங்களில் ஒரு கையெழுத்துக்காக இளைப்பாறிச் சென்றது. உள்ளூர் இயக்குநர் இருவர், உள்ளூர் வங்கிக் கணக்கு, உள்ளூரில் எழுதிய கூட்டக் குறிப்பு, வரிக்கு அந்நாட்டு நிறுவனமே என்று ஆண்டுதோறும் வாங்கும் வரி வதிவிடச் சான்றிதழ். இவை இருந்தால் நிறுவனம் இருந்ததாகப் பொருள். 2016-இல் உடன்படிக்கையைத் திருத்தி, 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வாங்கும் பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியாவே வரி விதிக்கலாம் என்று ஆக்கும்வரை எங்களுக்குச் செழிப்பான காலம்.

அம்மா ஒருமுறை வந்தார். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருப்பதைக் கண்டு வியந்து, 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன் என்றதும், "நம்ம ஊரு ஆளா?" என்றார். (1998-இல் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்து அச்சிட்டபோது மொரீஷியஸ் தமிழர்கள் கிளர்ந்ததால் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.) ஆனால் பக்கத்து வீட்டு முருகபக்தரிடம் தமிழில் பேசப் போய், அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் வாங்கித் திரும்பியவர், விசா முடியும்வரை காத்திராமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. கடைசிக் காலத்தில் அவர் பக்கத்தில் இருந்தது என் தங்கைதான். நான் பணம் அனுப்பினேன். அது தாமதமின்றிப் போய்ச் சேர்ந்தது.

அம்மா போன பிறகுதான் இந்திய நுண்கடன் நிறுவனம் ஒன்றில் முதலிட்டிருந்த நிதியத்தின் கோப்பு என் மேசைக்கு வந்தது. மாவட்டவாரியாகக் கடன், வசூல், நிலுவை என்று நீண்ட பட்டியலில் சென்னைக்கும் ஒரு வரி இருந்தது. ரிசர்வ் வங்கி 2011-இல் நுண்கடனுக்கு 26 சதவீத உச்சவரம்பு வைத்திருந்த காலம் அது. அம்மாவுக்கு அந்த வட்டியில் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பதால், குற்றவுணர்ச்சி கொள்ளப் பெரிதாகக் காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சார் செய்ததுபோல் அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் பெயர்களாக வாசிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அவ்விவரம் நிதியத்துக்குத் தேவையில்லை என்று பதில் வந்தது, சரியான பதில்தான்.

சாரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு பொங்கல் விடுமுறையில். ஓய்வூதியக் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் வேலையைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரிப்பா, அந்தத் தீவுல அட்டை யாரு கையில இருக்கு?" என்றார். அவருக்கு அந்தச் சனிக்கிழமை நினைவிருந்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன், விமானம் மறுநாள்தான்.

சார் பெயரில் சங்கம் தொடங்கவிருக்கும் கல்வி உதவித்தொகையின் வரைவைப் பார்த்தேன். பயனாளிகளை மேடைக்கு அழைத்துக் குடும்ப நிலையைச் சபையறிய எடுத்துரைப்பது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. என் பங்குத் தொகையைச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். அந்த விதியை நீக்கியபின் காசோலையை வங்கியில் போட்டுக்கொள்ளலாம்.