'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்': ஒரு டூயட்டும் அதற்குப் பிறகு பாடியவர்களும்

சோல் இசையில் ஆணும் பெண்ணும் பாடிய டூயட்டுகளை எடுத்துக்கொண்டால், மார்வின் கேயும் டாமி டெரெலும் பாடிய 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' (உன்னிடம் வர என்னைத் தடுக்கும் அளவுக்கு உயரமான மலை இல்லை) அளவுக்கு இரண்டு பேர் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வதுபோல் ஒலிக்கும் பாட்டு வெகு குறைவு. ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே மற்றவர் பதில் சொல்லிவிடுகிறார். ஆனால் பதிவு நடந்த விதம் வேறு. டாமி தன் பகுதியைத் தனியாகப் பாடினார்; மார்வினின் குரலைத் தயாரிப்பாளர்கள் பிறகு சேர்த்தார்கள். கேட்பவருக்கு ஒட்டுப்போட்ட இடம் எங்குமே தெரியாது. இந்தப் பாட்டின் மறுபதிவுகளில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் இந்த உரையாடலில்தான் கிடைக்கிறது.

எழுதியவர்கள் நிக் ஆஷ்ஃபோர்டும் வேலரி சிம்ப்சனும். நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சந்தித்துச் சேர்ந்து எழுதத் தொடங்கியவர்கள். ரே சார்ல்ஸ் 1966இல் பாடி ஆர்&பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடம் பிடித்த 'லெட்ஸ் கோ கெட் ஸ்டோன்ட்' பாட்டில் ஜோ ஆர்ம்ஸ்டெட்டோடு இவர்கள் இருவருக்கும் பங்குண்டு. இந்த மலைப் பாட்டை அவர்கள் கையில் வைத்திருந்தபோது பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் தனக்குத் தரும்படி கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்குள் நுழைய அந்தப் பாட்டுதான் நுழைவுச்சீட்டு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு பலித்தது.

மார்வின் கே அதற்கு முன்பே இரண்டு பெண் குரல்களோடு ஜோடி சேர்ந்திருந்தார்: 1964இல் மேரி வெல்ஸ், பிறகு 'இட் டேக்ஸ் டூ' பாட்டில் கிம் வெஸ்டன். டாமி டெரெல் ஃபிலடெல்ஃபியாக்காரர், இயற்பெயர் தாமஸினா மாண்ட்கமரி, 1965இல் மோடவுனில் சேர்ந்தவர். இருவரையும் சேர்த்த பாட்டைத் தயாரித்தவர்கள் ஹார்வி ஃபூக்வாவும் ஜானி பிரிஸ்டலும். வாத்தியம் வாசித்தது மோடவுனின் வீட்டுக் குழுவான ஃபங்க் பிரதர்ஸ். 1967 ஏப்ரலில் மோடவுனின் டாம்லா முத்திரையில் சிங்கிளாக (தனிப் பாட்டு இசைத்தட்டாக) வந்து, அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் வெளியிடும் பாப் பட்டியலில் 19ஆம் இடம், ஆர்&பி பட்டியலில் 3ஆம் இடம். இன்றைய புகழை வைத்துப் பார்த்தால் 19 என்பது நம்ப முடியாத எண்தான். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த 'யுனைட்டட்' ஆல்பத்திலும் இது உண்டு.

பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நீளம் சுமார் இரண்டரை நிமிடம், வேகம் நிமிடத்துக்கு சுமார் 130 தட்டு. தொடக்கத்தில் தாளமும் பேஸும் அடக்கி வாசிக்கின்றன; வாத்தியக் கூட்டம் முழுவதும் பல்லவியில்தான் திறந்துகொள்கிறது. மார்வின் முதல் வரியிலேயே மலை, பள்ளத்தாக்கு, ஆறு மூன்றையும் சொல்லிவிடுகிறார். அதாவது பல்லவியின் சரக்கு முதல் மூச்சிலேயே வெளியே வந்துவிடுகிறது. உடனே டாமி, எங்கே இருந்தாலும் கூப்பிடு என்கிறார். அவருடைய இரண்டு வரிகளுக்கு நடுவில் 'கவலைப்படாதே' என்று மார்வின் குறுக்கிடுகிறார். டாமி தொடர்கிறார், மார்வின் மறுபடியும் ஒரு துண்டு பதில். பிறகுதான் இருவரும் சேர்ந்து பல்லவிக்குள் போகிறார்கள்.

அந்தக் குறுக்கீடுகள்தான் பாட்டின் உயிர். வரிகள் சரிபாதியாகப் பங்கிடப்படவில்லை. ஒருவருக்கு நீளமான வாக்கியம், மற்றவருக்கு இரண்டே சொல். அடுத்த இடத்தில் அது தலைகீழாகிறது. குரல் டிராக்கை மட்டும் பிரித்தெடுத்த பதிவு இணையத்தில் கிடைக்கிறது; அதை ஹெட்போனில் ஒருமுறை கேட்டால் இந்த இழை தெளிவாகப் பிடிபடும். தாளமும் தந்திகளும் விலகிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, காரணம் ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் ஏற்கெனவே நுழைந்திருக்கிறார்.

கீழே ஃபங்க் பிரதர்ஸின் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிக்கும் பேஸ் கிட்டார். வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டியவர் அவர். கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) மூல சுரத்தில் உட்கார்ந்துவிடாமல் நடந்துகொண்டே இருப்பார், பாடகர்கள் மூச்செடுக்கும் இடத்தில் பேசுவார். பல மேடைப் பதிப்புகள் சப்பென்று போவதற்கு முதல் காரணம் பேஸ் வாசிப்பவர் மூல சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பது. மூன்றாவது ஆள் பேசுவது நின்றுவிட்டால் மற்ற இருவரின் பேச்சும் தளர்ந்துவிடும்.

1967 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியில் டாமி மேடையிலேயே மார்வினின் கைகளில் சரிந்து விழுந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச் 16 அன்று 24 வயதில் இறந்துபோனார். இடைப்பட்ட காலத்தில் ஆஷ்ஃபோர்ட்-சிம்ப்சன் எழுதிய 'எய்ன்ட் நத்திங் லைக் த ரியல் திங்', 'யூ'ர் ஆல் ஐ நீட் டு கெட் பை' இரண்டும் இதே ஜோடிக்கு 1968இல் பாப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தன. அவற்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அவற்றில் குரல்கள் ஒன்றோடொன்று கலக்கும் நேரம் அதிகம். குறுக்கிட்டுப் பேசும் துடிப்பு இந்த முதல் பாட்டில்தான் முழுசாக இருக்கிறது.

மலைப் பாட்டை மோடவுனுக்குள்ளேயே வேறு கலைஞர்களும் திருப்பிப் பாடினார்கள். ஏன் என்ற கேள்வி எழும். பதில் வியாபாரத்தில் இருக்கிறது. பாட்டின் பதிப்புரிமை மோடவுனின் சொந்த நிறுவனமான ஜோபீட்டிடம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே வேறு யார் பாடினாலும், பாடல் உரிமைக்கான காசு வீட்டைவிட்டுப் போகாது. மோடவுன் ஆல்பங்களைப் புரட்டினால் ஒரே பாட்டு நாலைந்து கலைஞர்களிடம் சுற்றி வருவதைப் பார்க்கலாம். 1968இல் மோடவுனின் பெண்கள் குழுவான டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ், ஆண்கள் குழுவான டெம்ப்டேஷன்ஸோடு சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் மலைப் பாட்டு இடம்பெற்றது அப்படித்தான். நல்ல குரல்கள், மோசமென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூலத்தின் பாதையிலேயே போவதால் மூலத்தைத்தான் நினைவூட்டுகிறது.

உண்மையான மறுபிறப்பு 1970இல். சுப்ரீம்ஸை விட்டு வெளியே வந்த டயானா ராஸின் முதல் தனி ஆல்பத்தை ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனுமே தயாரித்தார்கள். தங்கள் பாட்டையே எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டு வேறொரு பாட்டாகக் கட்டினார்கள். வாத்திய அமைப்பு பால் ரைசர். ஆல்பப் பதிப்பு ஆறு நிமிடத்துக்கும் மேல். சொற்களில்லாத கோரஸ் எழும்புகிறது, ராஸ் பாடாமல் பேசுகிறார். எங்கே இருந்தாலும் கூப்பிடு என்ற அதே வரிகள், இப்போது தணிந்த குரலில் பேச்சாக. காற்று, மழை, குளிர் பற்றிய வரிகள் கோரஸோடு வருகின்றன. மறுபடி பேச்சு. மலை, பள்ளத்தாக்கு, ஆறு என்று எல்லாரும் காத்திருக்கும் பல்லவி பாட்டின் பிற்பகுதியில்தான் வெடிக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். உன்னை விடுவித்த நாளை நினைத்துப் பார் என்ற வரி 1967 பதிப்பில் இரண்டாம் சரணத்தின் தொடக்கம். பாட்டு ஓடும் வேகத்தில் பலர் கவனிப்பதே இல்லை. 1970இல் அந்த வரியைத் தூக்கிப் பல்லவிக்கு நேர் முன்னால், கடைசிப் பேச்சின் முடிவில் வைத்தார்கள். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதை நினைத்துக்கொள் என்கிறார் ராஸ். அவர் சொன்னது எதுவோ அதுவே பல்லவியாகப் பொங்கி வருகிறது. முதல் பதிப்பில் கூடவே இருப்பவர்களின் குதூகலம். இதில் பிரிந்துபோனவனுக்கு அனுப்பும் உறுதிமொழி. ஒரே ஒரு வரியை இடம் மாற்றியதில் கதையே மாறிவிட்டது. பாட்டெழுதுகிறவர்கள் பாடமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

மோடவுன் தலைவர் பெர்ரி கார்டிக்குப் பதிவு பிடிக்கவில்லை. பேச்சு வேண்டாம், பல்லவியை முன்னால் கொண்டுவாருங்கள் என்றார். வானொலி நிலையங்கள் ஆல்பப் பதிப்பைத் தாங்களாகவே வெட்டிச் சுருக்கி ஒலிபரப்ப ஆரம்பித்த பிறகுதான் சுருக்கிய பதிப்பை சிங்கிளாக வெளியிடச் சம்மதித்தார். 1970 செப்டம்பரில் அது பில்போர்ட் பாப் பட்டியலில் முதலிடத்தில் மூன்று வாரம் நின்றது. ராஸுக்குத் தனிப் பாடகியாக முதல் நம்பர் ஒன். சிங்கிளை மட்டும் கேட்டவர்கள் ஆல்பப் பதிப்பை அவசியம் கேட்க வேண்டும். காத்திருப்புதான் அந்தப் பல்லவிக்குப் பலம், வெட்டும்போது முதலில் குறைவது அதுதான்.

இதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு தாயில் ஒருத்தியின் பிள்ளைகள். 1981இல் சால்சோல் முத்திரையில் வந்த இன்னர் லைஃப் குழுவின் டிஸ்கோ பதிப்பு ராஸ் வழி. ஜோஸலின் பிரவுன் பாடியது; லாரி லெவன் செய்த நீண்ட மிக்ஸ் நடனக்கூடங்களுக்கென்றே அமைந்தது. ராஸ் பேசிய இடங்களிலும் ஜோஸலின் தேவாலயப் பாடகியின் முழுக் குரலை இறக்குகிறார், நீளமான மிக்ஸில் அந்தக் குரலுக்கு ஓட இடமும் கிடைக்கிறது. மூலத்துக்கு அருகில் வைக்கத் தகுதியான மூன்றாவது பதிப்பு எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் பாய்ஸ் டவுன் கேங், ராஸின் இன்னொரு ஆஷ்ஃபோர்ட்-சிம்ப்சன் பாட்டான 'ரிமெம்பர் மீ'யோடு இதைக் கோத்து மெட்லியாக வெளியிட்டது. 2003இல் மைக்கேல் மெக்டொனால்ட் தன் 'மோடவுன்' ஆல்பத்தில் 1967 பதிப்பின் வடிவத்தைத் தனிக் குரலில் பாடினார். குரலில் குறையில்லை. ஆனால் கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வரும்போது அவசரம் போய்விடுகிறது.

மேடையில் இதை எடுக்க நினைக்கும் குழுக்களுக்குச் சில விஷயங்கள். முதலில் எந்தப் பதிப்பு என்று தீர்மானியுங்கள். ராஸின் பேச்சையும் மார்வின்-டாமியின் வேகத்தையும் கலந்தால் இரண்டும் கெடும்.

1967 பதிப்பு என்றால் வரிகளை இரண்டு பத்தியாக எழுதுங்கள், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. குறுக்கீடு எந்தச் சொல்லின் மேல் விழுகிறதோ அதற்கு நேராக எழுதுங்கள். ராகத்தை மறந்துவிட்டு முதலில் வெறுமனே பேசிப் பாருங்கள். பிறகு 100 தட்டு வேகத்தில் பாடி, இடைவெளி சரியான பின் 130க்கு வாருங்கள். பெரும்பாலான ஜோடிகள் தவறுவது, மற்றவர் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பதில். காத்திருந்தால் பதில் அரைத் தட்டு பிந்தி விழும், பாட்டு இழுக்கும்.

சுருதி அடுத்த சிக்கல். மார்வினின் குரல் உயரமானது. சாதாரண ஆண் குரலுக்கு மூலச் சுருதியில் தொண்டை கட்டும். இரண்டு மூன்று அரைச் சுரம் இறக்கினால் ஆண் தப்பிப்பார், ஆனால் பெண்ணின் சரண வரிகள் அடியில் போய் மங்கிவிடும். ஒரே ஒரு அரைச் சுரம் இறக்கிவிட்டு, பல்லவியில் ஆணுக்குக் கீழ்க் குரல் வரியைக் கொடுப்பது நடைமுறையில் வேலை செய்யும். பெண் பாடகியின் மைக்கைச் சரணத்தில் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள்.

முடிவையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பதிவில் பாட்டு மெல்ல மங்கி மறைகிறது; மேடையில் அது முடியாது. பல்லவியை நான்கு முறை சுற்றி, நான்காவதில் எல்லாரும் ஒரே தட்டில் நிறுத்துவது சுலபம். யார் கை காட்டுவது என்று முடிவு செய்யாத குழுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும்.

ராஸ் பதிப்பு என்றால் கோரஸ்தான் செலவு. மூன்று பேர் பாடினால் கடைசிப் பல்லவி எழவே எழாது. ஆறிலிருந்து எட்டுப் பேர் வேண்டும், ஸ்டூடியோவில் மூன்று பேரை வைத்து மூன்று நான்கு அடுக்காகப் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் அவர்களை அடக்கிப் பாடச் சொல்லுங்கள். முதல் நிமிடத்திலேயே முழுக் குரலும் வந்துவிட்டால் பிறகு ஏற இடமில்லை.

இளைய தலைமுறைக்கு இந்தப் பாட்டு பெரும்பாலும் திரைப்படம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது: 2000இல் 'ரிமெம்பர் த டைட்டன்ஸ்', 2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி'. இரண்டாவதின் ஆல்பம், பழைய பாட்டுகளை மட்டுமே வைத்து பில்போர்ட் ஆல்பப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்த முதல் திரைப்பட ஆல்பம். இரண்டு படங்களிலும் ஒலிப்பது மார்வினும் டாமியும்தான். 1967இல் 19ஆம் இடத்தோடு நின்ற பதிப்பு அது.